பிறகு சொல்கிறேன்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடலோரங்களைத் தாக்கியது. அதன்பின் பல நாட்கள் அந்தக் கரையோர வீடுகளில் தொலைக்காட்சி அணையவே இல்லை. அப்படியொரு வீட்டில், பிறவியிலேயே காது கேளாத பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, திரையையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். தாய்மாமன் கடலில் இருந்தார். திரையில் ஒருவர் பேசினார், அம்மா அழுதாள். வேறொருவர் பேசினார், அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். அவள் தம்பியின் தோளைத் தட்டி என்னவென்று கேட்டாள். அவன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கையசைத்தான்: பிறகு சொல்கிறேன்.

சில படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கியுள்ளன என்ற செய்தியை அந்த வீடு பகலிலேயே அறிந்துகொண்டது. மாமாவும் அங்கே கரையேறியிருந்தார். அது அவளுக்கு விளக்கு வைத்த பிறகுதான் தெரிந்தது. ஒருவரும் அதை மறைக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததில் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள், அவ்வளவே. காது கேளாதவர் இருக்கும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. தொடர்நாடகத்தில் எல்லோரும் சிரிக்கும்போதும், கிரிக்கெட்டில் எல்லோரும் துள்ளும்போதும், ‘பிறகு’. அந்தப் பிறகு வரும்போது மூன்று நிமிட உரையாடல் மூன்று சொற்களாகச் சுருங்கியிருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50.7 லட்சம்; பார்வைத்திறன் குறையுடையோர் சுமார் 50.3 லட்சம். அவர்களுக்காகச் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, எழுத்துரை ஆகியவற்றின் வழியாக மின்னணு ஊடகம் அவர்களைச் சென்றடைய அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிக்கான தரவிதிகளை வெளியிட்டது. ஆனால் நேரலைச் செய்திக்கு அவ்விதிகள் விலக்கு அளித்தன. நேரலையில் உடனுக்குடன் எழுத்துரை இடுவது கடினம் என்பது உண்மையே. எனினும் புயல் வரும் நாளில் தொலைக்காட்சி முழுவதும் நேரலைதான். அந்தப் பெண்ணுக்கு எந்த நாளில் எழுத்துரை உயிரோடு தொடர்புடையதாக இருந்ததோ, அந்த நாள் விதிக்கு வெளியே நிற்கிறது.

பள்ளிக்குப் பின் அவள் திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். 1997இல் தொடங்கப்பட்ட ‘நிஷ்’, காது கேளாத மாணவர்களுக்கெனப் பட்டப்படிப்புகளை நடத்தும் அரிய நிறுவனங்களுள் ஒன்று. மலையாள எழுத்துகளுக்கான விரலெழுத்து முறையை 2021இல் உருவாக்கியதும் அதுவே. வீட்டில் கைச்சாடைகளோடு வளர்ந்தவளுக்கு அங்கேதான் இந்தியச் சைகைமொழி முழு மொழியாக வாய்த்தது. அந்த மொழியில் வினாச்சொல் பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவ அசைவே ஒரு வாக்கியத்தை வினாவாக்கிவிடும். முகமும் அதன் இலக்கணத்தின் பகுதி. திரையின் மூலையில் சைகைமொழி பெயர்ப்பாளரைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டால் இடம் மிச்சமாகலாம். வாக்கியத்தின் பாதி அழிந்துபோகும்.

தமிழ் எழுத்துரையில் வேறொரு சிக்கல் உண்டு. இரட்டை வழக்கைப் பற்றி மொழியியல் வகுப்புகளில் நிறையப் பேசப்படுகிறது. காது கேளாதவரின் பக்கத்திலிருந்து அது அரிதாகவே பார்க்கப்படுகிறது. எழுத்துத் தமிழைப் பாடநூலில் கற்ற குழந்தை ‘வந்துவிட்டார்கள்’ என்பதை அறியும். ‘வந்துட்டாங்க’ என்பதை அது கேட்டதே இல்லை. கேட்கும் குழந்தைக்கு முதலில் வாய்ப்பது பேச்சு வழக்கு, பிறகே எழுத்து வழக்கு. காது கேளாத குழந்தைக்குப் பெரும்பாலும் எழுத்து வழக்கு மட்டுமே. நாஞ்சில் நாட்டு வட்டாரப் பேச்சை எழுத்துரையில் அப்படியே இட்டால் அவளுக்கு அது அயல்மொழி போல நிற்கும். எழுத்துத் தமிழாக்கினால் பாத்திரத்தின் ஊரும் சாதியும் வயதும் மறைந்துவிடும். எதை இழப்பது, யாரைக் கேட்டு முடிவுசெய்வது? இதற்கு விடைதேடும் ஆய்வேடுகள் தமிழில் பல எழுதப்பட வேண்டும்.

பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பிலும் இத்தகைய முடிவுகள் உண்டு. இரண்டு உரையாடல்களுக்கு இடைப்பட்ட நான்கு விநாடிக்குள் ‘அவள் தாலியைக் கழற்றி மேசைமீது வைக்கிறாள்’ என்று சொல்லலாம்; ‘மனமுடைந்து’ என்று சேர்த்துவிட்டால் விவரிப்பவர் கேட்பவரின் முடிவைத் தானே எடுத்துவிடுகிறார்.

‘எழுத்துரை பார்வையாளரின் கவனத்தைச் சிதைக்கும்’ என்பது திரையரங்கு நடத்துவோர் அடிக்கடி சொல்லும் மறுப்பு. அதற்கு விடை டிசம்பர்தோறும் திருவனந்தபுரத்தில் கிடைக்கிறது. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் கொரிய, பாரசீக, ஸ்பானியப் படங்களுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கூட்டம் முழுக்க எழுத்துரையை நம்பியே படம் பார்க்கிறது. அங்கே கவனம் சிதைந்ததாக யாரும் வெளியேறுவதில்லை. அந்த அரங்கில் வசனத்தைப் பொறுத்தவரை எல்லோருக்கும் காது கேளாது.

2024 டிசம்பரில் அவள் தம்பியை அவ்விழாவுக்கு அழைத்துச் சென்றாள். நான்கு ஆண்டுகளாக ஆங்கிலத்தைக் கண்ணாலேயே கற்றவள் வரிகளை விரைவாக வாசித்தாள். தமிழ்வழியில் படித்த தம்பி பாதி வாசிப்பதற்குள் வரி மறைந்துவிட்டது. இடையில் அரங்கமே சிரித்தது. அவன் அவள் தோளைத் தட்டி என்னவென்று கேட்டான். அவள் கை ‘பிறகு’ என்பதற்காக உயர்ந்தது. உயர்ந்த கையைத் தானே ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, அடுத்த இரண்டு வரிகளைத் தவறவிட்டு, அவனுக்கு முழுவதையும் சொன்னாள். தம்பியின் முகம் சிவந்தது இருட்டில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அதே ஆண்டு மார்ச்சில் திரையரங்குகளுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை அமைச்சகம் வெளியிட்டிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு ஆறு மாதங்கள். ஏனையவற்றுக்கு இரண்டு ஆண்டுகள். ஆயத்தத்துக்குக் காலம் தேவைதான். ஆனால் எல்லாக் கால அவகாசத்துக்குள்ளும் ஒரு ‘பிறகு சொல்கிறேன்’ ஒளிந்திருக்கிறது. தூர்தர்ஷன் காது கேளாதோருக்கான வாராந்திரச் செய்தியறிக்கையைத் தொடங்கியது 1987இல். அன்று பிறந்த குழந்தைகளுக்கு இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒக்கி வீசிய கடலில் இனியும் புயல்கள் உருவாகும். அன்றும் தொலைக்காட்சியில் நேரலை ஓடும். அதன் முன்னே யாரோ ஒருத்தி, தன் தாயின் முகத்தைப் பார்த்துச் செய்தி அறிய முயன்றுகொண்டிருப்பாள்.