ஓடும் காரினுள் உரையாடல்

கண்ணுக்கு இமையை வைத்த இயற்கை காதுக்குக் கதவு வைக்கவில்லை. வேண்டாத காட்சியைக் காணாதிருக்கலாம். வேண்டாத ஓசையைக் கேளாதிருத்தல் எளிதன்று. மோட்டார்க் காரில் நெடுந்தூரம் செல்வோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். யன்னல்களையெல்லாம் அடைத்த பின்னரும், வீதியின் இரைச்சல் எப்படியோ உள்ளே புகுந்து நம்முடன் அமர்ந்துகொள்கிறது.

அதனால் விளையும் நட்டம் யாது எனச் சிலர் வினவலாம். ஒரு குடும்பம் ஏழெட்டு மணி நேரம் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக அமர்ந்திருக்கும் வாய்ப்பு இக்காலத்தில் எத்தனை முறை கிட்டுகிறது? கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் காரினுள்ளே அது கிட்டுகிறது. அங்கும் பேச முடியாவிடின் வேறெங்கே பேசுவது? பின்னாசனத்தில் அமரும் எமது தாயார் முதலில் இரண்டொரு முறை, "என்ன பிள்ளை சொன்னனி?" என்று கேட்பார், பின்னர் கேளாமலே தலையசைப்பார், புத்தளம் வருமுன்னரே வெளியே பார்த்தவண்ணம் மௌனமாகிவிடுவார். அம்மௌனமே இவ்விடயத்தை ஆராயும்படி எம்மைத் தூண்டிற்று.

முதுமையில் செவி முதலில் இழப்பது உச்சத் தொனியுடைய ஒலிகளையே. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ இயல்பாகவே மெலிந்தவை. வீதியின் தாழ்ந்த உறுமல் அவற்றை மேலும் மூடிவிடுகிறது. "அம்மா, வடை வேணுமோ?" என்று நாம் கேட்க, "கடையிலை எனக்கொண்டும் வேண்டாம்" என்று அவர் மறுப்பது இதனாலேயே. உரத்துக் கூவினாலும் பயன் சிறிதே. உயிரொலி பெருகும் அளவுக்கு மெய்யொலி பெருகுவதில்லை.

இவ்விரைச்சலுக்குப் பலரும் எஞ்சினையே குறை கூறுவர். ஆயின் சீராக ஓடும் கார் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தைக் கடந்தபின், பெரும்பாலும் ரயரும் வீதியும் பொருந்துமிடத்தில் எழும் ஓசையே மேலோங்குகிறது. எஞ்சினே இல்லாத மின்சாரக் காரில் வீதியின் ஓசை இன்னும் துலக்கமாகக் கேட்பது இதற்குச் சான்று. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் தம் மகனது முச்சில்லு வண்டிக்குக் காற்றடைத்த றப்பர்ச் சில்லைப் பொருத்தினார். குலுக்கலைத் தணிக்க வந்த அந்த ரயரே, இன்று விரைந்தோடும் காரில் ஓசையின் பிறப்பிடமாய் நிற்பது விந்தையன்றோ?

அங்கே பிறந்த ஓசை இரு வழிகளால் உள்ளே வருகிறது. ஒன்று உலோக வழி. ரயரின் அதிர்வு சில்லிலும் வில்லிலும் ஏறி, தரைத் தகட்டையும் கதவுத் தகட்டையும் மேளத்தின் தோல்போல் அதிரச் செய்கிறது. உறுமலாகக் கேட்பது இது. மற்றையது காற்று வழி. கதவிடுக்காலும் கண்ணாடியாலும் புகுந்து சீறலாகக் கேட்பது அது. வழி வேறாதலின் மருந்தும் வேறு.

செலவில்லாத மருந்து வேகத்தைக் குறைத்தலே. வேகம் இருமடங்கானால் ரயரின் ஓசை 9 முதல் 12 டெசிபல் வரை உயரும். 10 டெசிபல் உயர்வு நம் செவிக்கு ஏறக்குறைய இருமடங்கு உரப்பாகத் தோன்றும். 100 கிலோமீற்றர் வேகத்தை 80 ஆக்கினால் ஏறக்குறைய மூன்று டெசிபல் இலாபம் உண்டு.

அடுத்தது ரயர். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த ரயரும், அளவுக்கு மிஞ்சிக் காற்றடைத்த ரயரும் இரைச்சலைப் பெருக்கும். கார் செய்தோர் குறித்த அளவே காற்றுக்கு உகந்தது. அமைதி வேண்டி அதற்குக் கீழே இறக்குதல் ஆபத்து. ஐரோப்பாவில் 2012 முதல் புது ரயர்களுக்கு ஒட்டப்படும் சீட்டில் ஓசையின் அளவும் காணப்படும். அது வெளியே நிற்பவர் கேட்கும் ஓசை. உள்ளே இருப்பவர் கேட்பதன்று.

மூன்றாவது கதவின் றப்பர் விளிம்பு. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது என்பது பொருள். நூற்றிலொரு பங்கு திறந்திருக்கும் சுவர், எத்துணைத் தடிப்பாயினும், ஏறத்தாழ 20 டெசிபலுக்கு மேல் தடுக்கமாட்டாது.

இறுதியாகத் தகடு. விரல் முட்டியால் தட்டினால் தகரப் பேணிபோல் ஒலிக்கும் இடங்களில், அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் றப்பர்த் தகட்டை அழுத்தி ஒட்டவேண்டும். முழுவதும் மூடவேண்டியதில்லை, தகட்டின் நடுப்பகுதியில் மூன்றிலொரு பங்கு மூடினாலே அதிர்வு பெரிதும் அடங்கும். அதன்மேல் கம்பளிப் பட்டை விரித்தால் காற்று வழி வரும் ஓசையிலும் ஒரு பகுதி அடங்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. சமமான இரு வாயில்களில் ஒன்றை அடைத்தால் ஓசை 3 டெசிபல் மட்டுமே குறையும். பாதிப் பணத்தைச் செலவிட்டும் பயனில்லையே என்று பலர் இந்நிலையிற் சலித்து விடுகின்றனர். மற்றதையும் அடைத்த பின்னரே பலன் புலப்படும்.

நாம் பின்கதவுகள், பொதிப்பெட்டியின் தரை, பின்சில்லுகளின் மேல்வளைவு ஆகியவற்றை மூன்று ஞாயிறுகளிற் செய்து முடித்தோம். 1958இல் றோல்ஸ் றோய்ஸ் காருக்கு டேவிட் ஒகில்வி எழுதிய விளம்பரம், அறுபது மைல் வேகத்திலும் அதனுள் மிகுந்து கேட்பது மின் மணிக்கூட்டின் ஓசையே எனப் பெருமை பேசிற்று. எமது சிறு கார் அந்நிலையை எய்தவில்லை. எனினும் சென்ற பயணத்தில் தாயார், தம் இளமையில் யாழ்தேவியில் ஏறிப் பள்ளித் தோழியரோடு கொழும்பு பார்க்க வந்த கதையை, அநுராதபுரம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அக்கதையை நாம் அதற்குமுன் கேட்டதேயில்லை.

இப்பணியில் ஈடுபடுவோர் கதவின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களை அடைத்துவிடலாகாது. அடைத்தால் கறள் பிடிக்கும். வளைவுகளில் ஏறியும் இறங்கியும் கேட்கும் உறுமலை மூடி மறைக்கவும் கூடாது. அது சில்லின் பெயாரிங் தேய்ந்ததைக் கூறும் முறைப்பாடாகலாம். புகையிரதக் கடவையை நெருங்கும்போது யன்னலைச் சற்றே இறக்குதலும் நன்று. கேட்கவேண்டிய குரலைக் கேட்பதற்கே நாம் இரைச்சலை அடக்குகிறோம். எச்சரிக்கும் குரலும் அவற்றுள் ஒன்று.