கம்மாபுரமும் முட்டி வலியும்

நெய்வேலி டவுன்ஷிப்பின் நிழல் சாலைகளை விட்டு மந்தாரக்குப்பத்தைத் தாண்டினால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண், மலை போல நிற்கிறது. அப்புறம் வயல்கள். நாங்கள் கம்மாபுரத்தில் போய் இறங்கியபோது நடவு நேரம். குனிந்த முதுகுகள் வரிசை வரிசையாக! 1957-லேயே நிலக்கரி வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்கும் களைக்கும் பெரும்பாலும் பெண்களின் இடுப்பும் முட்டியும்தான்.

சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பெண்கள் கூடுவார்கள். உட்காரும்போதே தெரிந்துவிடும்: ஒரு கை தூணில், ஒரு கை முட்டியில். அத்தை இரண்டு வருஷமாக விருத்தாசலம் மாசி மகத்துக்குக்கூடப் போகவில்லை. "முட்டி தேஞ்சு போச்சும்மா. எண்ணெய் போட்டு நீவிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

தேய்வது உண்மைதான். எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு நாளாக ஆக மெலிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது அதிகம். குத்துக்காலிட்டு வேலை செய்வது வலியை இன்னும் கூட்டும். ஆனால் 'கெடக்க வேண்டியதுதான்' என்பதை நான் ஒப்பமாட்டேன். படுத்தே கிடந்தால் தொடைச் சதை வற்றிவிடும். முட்டியைத் தாங்குவதே அந்தச் சதைதானே!

நெய்வேலியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்தார். "நாற்காலியில உக்காந்து ஒரு காலை நேரா நீட்டுங்கம்மா. தொடையை இறுக்கி அஞ்சு எண்ணி, மெதுவா இறக்குங்க. ரெண்டு காலுக்கும் காலையில பத்து, சாயங்காலம் பத்து" என்றார். அத்தைக்கு ஒரே ஏமாற்றம். ஊசி போடாதவர் ஒரு டாக்டரா! உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையுமாம். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் மாற்றித்தான் பிடிக்கிறோம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மூன்று மாதம் விடாமல் செய்த அத்தை, மாசி மகத்துக்குத் தடியூன்றிப் போய் வந்துவிட்டார்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் அல்ல. நாங்கள் இருந்தபோதே பக்கத்து வீட்டுப் பையன் கபடியில் கால் திருகி விழுந்தான். 'மளுக்'கென்று சத்தம், ஒரு மணி நேரத்தில் பூசணிக்காயாக வீக்கம். வீட்டார் நீவிவிட ஆள் தேடினார்கள். கூடவே கூடாது! உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி, ஊன்றவிடாமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். முட்டி மடங்காமல், நீளாமல் பூட்டிக்கொண்டாலும் அப்படியே. முட்டி சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் கடைசிப் படி. செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்ச விலை வைத்ததிலிருந்து செலவும் இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள். தரையில் குத்துக்காலிட்டு உட்காருவதை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும்.