நாட்டுப் பறங்கி

போன வாரம் சென்னையில் இயற்கைக் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் பண்ணினார். "அண்ணே, நம்ம கடையில நாட்டுக்காய் மட்டும்தான் விக்கிறோம். நாட்டுப் பறங்கி இருக்குமா?" என்றார். இருக்கு தம்பி, எத்தனை கிலோ வேணும் என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது. பறங்கி என்றாலே சீமைக்காரன்தானே, அதில் நாட்டுப் பறங்கி எங்கேயிருந்து வந்தது?

சிலுவைப் போர் காலத்தில் மேற்கேயிருந்து வந்தவர்களில் பிராங்க் இனத்துக்காரர்கள் இருந்தார்கள். அரபுக்காரர்கள் அந்தப் பேரையே மேற்கத்தியார் அத்தனை பேருக்கும் வைத்துவிட்டார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி, வடக்கே ஃபிரங்கி, நம்ம வாயில் பறங்கி. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினாரே, அந்தப் போர்த்துக்கீசியர்களைத்தான் நம்ம ஆட்கள் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள். சென்னைக்காரர்களுக்குப் பறங்கிமலை தெரியும். எங்களுக்குச் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் பறங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர்கள் அதற்குப் 'புதுத் துறைமுகம்' என்று அவங்க பாஷையில் போர்ட்டோ நோவோ என்று பேர் வைத்தார்கள். முஸ்லிம் வியாபாரிகளுக்கு அது மஹ்மூது பந்தர். மூன்று பேரில் பஸ் போர்டில் நிற்பது பறங்கிதான்.

ஆனால் மனிதனைப் பார்த்துச் சொன்னால் அது நல்ல சொல் இல்லை. மாட்டுக்கறி தின்பான், குடிப்பான், குளிக்க மாட்டான் என்கிற எளப்பம் எல்லாம் அதில் சேர்ந்துவிட்டது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி என்கிற இத்தாலியப் பாதிரியார், "நான் பறங்கி இல்லை" என்று சொல்லிக் காவி கட்டிக்கொண்டார். கிறிஸ்தவத்தில் சேர வருகிறவர்களிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கிற வழக்கம் அப்போது இருந்ததாம். எவன் சம்மதிப்பான்? கப்பலோடு வந்த மேகநோய்க்கும் பறங்கிப்புண் என்றே பேர் விழுந்தது. அதற்குக் கொடுத்த மருந்துக் கிழங்கு பறங்கிப்பட்டை. நாட்டுமருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கும். அது சீனாவிலிருந்து வந்தது என்பது தனிக்கதை. பாரதியார் சுதந்திரப் பாட்டில் இந்தச் சொல்லைத் துரை என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்ததும் சும்மா இல்லை. முன்னால் கும்பிட துரை, முதுகுக்குப் பின்னால் பறங்கி. இலங்கையில் மட்டும் பறங்கியர் என்பது ஒரு சமூகத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

எங்க தெருவில் பூனைக்கண்ணோடு பிறந்த ஒரு அக்கா இருக்கிறார். செம்பட்டை முடி, வெயிலில் சிவந்துபோகும் தோல். பள்ளிக்கூடத்தில் 'பறங்கிச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னது போகட்டும். பெரியவர்கள் அவங்க அம்மாவைக் களத்துமேட்டில் வைத்துக்கொண்டு, "எந்தப் பறங்கி வந்து போனான்?" என்று ஜாடையாகக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல் நாற்று முடி கட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு பிறந்த பிள்ளை அது. வாய்க்குக் கணக்கு எதற்கு?

காய்க்கு மட்டும் இந்த அவமானம் ஒட்டவில்லை. அமெரிக்காக் கண்டத்துக் காய், கப்பல்காரன் கொண்டுவந்தது, அதனால் பறங்கிக்காய். எங்க பக்கம் பொங்கல் அன்றைக்குக் காய்க்குழம்பில் அது இல்லாமல் முடியாது. மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் வைப்பதும் பறங்கிப்பூதான். சாமிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாயிற்று, இனிமேல் யார் வெளியே அனுப்புவது? தம்பி கேட்ட 'நாட்டு' என்பதும் கம்பெனி விதை இல்லை, வருஷா வருஷம் நாங்களே எடுத்து வைக்கிற விதை என்கிற அர்த்தத்தில்தான். அந்த வகையில் அவர் கேட்டது சரிதான். கடையில் 'மஞ்சள் பூசணி' என்று எழுதி விற்பார் போலிருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பூ பறிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அடியில் குட்டிக் காய் மாதிரி உருண்டையாக இருந்தால் அது பெண் பூ, அதைத் தொடாதீர்கள். நீளக் காம்பில் நிற்கும் ஆண் பூவைப் பறித்துக்கொள்ளலாம், வண்டுக்கும் தேனீக்கும் கொஞ்சம் விட்டுவிட்டு.

அந்த அக்காவும் மார்கழியில் விடியற்காலை கிண்ணத்தோடு வருவார். அவங்க சந்தையில்கூட 'சர்க்கரைப் பூசணி' என்றுதான் காயைக் கேட்பார்கள். என்னிடம், "தம்பி, பூ இருக்கா?" என்பதோடு சரி. என்ன பூ என்று நானும் கேட்பதில்லை. நாலைந்து பறித்துக் கிண்ணத்தில் போடுவேன்.