யாரும் நட்டு வைக்காத காடு



எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் 'காடு' என்ற தலைப்பில் படம் வரையச் சொன்னேன். பதினொரு பிள்ளைகள். பதினொருவரும் மரங்களை வரிசை பிடித்தே வரைந்திருந்தார்கள். சிலர் பால்மரம், பலர் செம்பனை. ஒரு பையன் நிரைக்கு எண்கூடப் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் நம் தோட்டங்களில் வேலைக்குப் போவது என்றுதானே பொருள்? பிள்ளைகள் மேல் என்ன தவறு? அவர்களுக்குப் பாடம் சொல்லும் நானும் நாற்பத்து நான்கு வயது வரை உண்மையான காட்டுக்குள் கால் வைத்ததில்லையே!

அந்த வெட்கந்தான் சென்ற பள்ளி விடுமுறையில் என்னைத் தாமான் நெகாராவுக்கு இழுத்துச் சென்றது.

என் கணவரும் இரண்டு பிள்ளைகளும் உடனே சம்மதித்தார்கள். அப்பாதான் மறுத்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஆயுள் முழுவதும் பால்மரம் சீவியவர். "காட்டுல பாக்க என்னம்மா இருக்கு? நான் பாத்த காடு போதும்" என்றார். 1967ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், பகாங்கில் புதுத் தோட்டம் திறக்கக் காடு வெட்டும் குத்தகைக் கூட்டத்தோடு அவர் போனார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பேரன் பிடிவாதம் பிடிக்கவே, கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பகாவிலிருந்து தெமர்லோ வழியாக ஜெராண்டுட் சேர்ந்தோம். அங்கிருந்து குவாலா தஹான் வரை தார்ச்சாலை உண்டு. ஆனாலும் நாங்கள் குவாலா தெம்பிலிங் துறையில் படகு ஏறினோம். ஒருவர் பின் ஒருவராகத் தாழ உட்கார வேண்டிய நீண்ட மரப்படகு. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்துச் செல்ல மூன்று மணி நேரம் ஆயிற்று. முதலில் கரையில் கம்பங்களும், நீரில் கிடக்கும் எருமைகளும் தெரிந்தன. போகப் போக வீடுகள் குறைந்து, இரு கரையிலும் மரங்கள் ஆற்றின் மேல் கவிந்தன. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. பரப்பு 4,343 சதுரக் கிலோமீட்டர். மலாக்கா மாநிலத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். வெள்ளையர் ஆட்சியில் 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் காப்புக்காடாக அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் இன்றைய பெயரைப் பெற்றது. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலையான குனோங் தஹான், 2,187 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. இந்தக் காட்டின் வயது 13 கோடி ஆண்டு என்று சொல்கிறார்கள். உலகின் பல நாடுகளைப் பனிப்பாறை மூடிய காலத்திலும் இந்த மண்ணைப் பனி மூடவில்லை. அதனால்தான் இத்தனை பழமை!

மறுநாள் விடியற்காலை. அப்பா தங்குவிடுதி வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார. அக்கரைக் காட்டிலிருந்து நீண்ட ஊளைபோல ஒரு குரல் எழும்பியது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. உங்கா என்னும் வாலில்லாக் குரங்குகள் இணை சேர்ந்து கூவும் ஓசை அது. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்க எந்திரிப்போம். மரம் வெட்ட வெட்ட அது தூரமாப் போயிட்டே இருக்கும். ஆறு மாசத்துல ஒருநாள் எந்திரிச்சா, ஒன்னுமே கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடந்தோம். வாசகர்களே, தோட்டத்தில் நிரையில் நின்றால் கடைசி மரம் வரை பார்க்கலாம் அல்லவா? இங்கே பத்தடிக்கு அப்பால் தெரியாது. வெயில் தரையில் விழுவதே அரிது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே இனமாக இருப்பதைக் காண்பது கடினம். மண் வளமானது என்று நினைத்தேன், இல்லையாம். சத்து முழுவதும் மேலே கிடக்கும் சருகில்தான். இலை உதிர்ந்து மக்கியதும் வேர்கள் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் பெரிய மரங்களும் ஆழமாக வேர் விடாமல், ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேர்களை நாலாபுறமும் ஊன்றி நிற்கின்றன. மரத்தை வெட்டி எரித்துவிட்டால் சில மழைகளில் மண்ணின் சத்து கரைந்துவிடும். பிறகு உரமூட்டைதான் கதி. நாம் தோட்டத்தில் சுமக்கிற உரமூட்டையின் கதை இதுதான்.

நம் பால்மரமும் ஒரு காலத்தில் காட்டு மரந்தான். பிரேசில் நாட்டுக் காட்டில் அது ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தனித்தனியே நிற்கும். 1876இல் அதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார்கள். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதன் வழி வந்த மரங்களைச் சீவத்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். பிரேசிலிலேயே அதை நெருக்கி நிரையாக நட்டபோது இலைநோய் பரவித் தோட்டங்கள் அழிந்தன. கலந்து நிற்பது காட்டுக்கு ஒரு காவல் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

ஓரிடத்தில் துவாலாங் மரம் ஒன்றைக் கண்டோம். இந்த இனம் 80 மீட்டருக்கு மேலும் வளரும். பால்மரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக்கொள்ளுங்கள்! வழவழப்பான அதன் உயரக் கிளைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். அப்பா அதன் வேரில் கை வைத்தார். "இத மட்டும் வெட்ட மாட்டோம். மலாய்க்காரங்க வேணாம்பாங்க. நாங்களும் சூடம் காட்டிட்டு ஒதுங்கிருவோம்" என்றார். வழிகாட்டியான மலாய் இளைஞரிடம் அதையே மலாயில் சொன்னார். "எங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார், பாக்சிக்" என்று அவர் சிரித்தார்.

பிறகு, மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு பாலத்துக்குப் போனோம். உயரமான இடத்தில் தரையிலிருந்து சுமார் 40 மீட்டர். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக நடக்க வேண்டும். என் முழங்கால் நடுங்கியதை மறைக்கப் போவதில்லை. பிள்ளைகள் ஓடாமல் நடந்ததே அதிசயம்.

விலங்குகளைப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: விலங்குக் காட்சிசாலை என்று எண்ணிப் போனால் ஏமாறுவீர்கள். இரவில், உப்பு மண்ணை நக்க விலங்குகள் வரும் இடத்தை நோக்கிய பும்புன் என்னும் மறைகுடிலில் இரண்டு மணி நேரம் மூச்சடக்கிக் காத்திருந்தோம். வந்தது ஒரே ஒரு கடமான். கைவிளக்கு ஒளியில் இரண்டு கண்கள் மின்னின; அது நிமிர்ந்து பார்த்தது; மறைந்தது. பகலில் இருவாட்சிப் பறவைகள் தலைக்கு மேல் பறந்தபோது, இறக்கை ஓசை காற்றைக் கிழிப்பதுபோல் கேட்டது. தெனுக்கும் செலாடாங் காட்டெருதும் இங்கே உண்டு, நாங்கள் காணவில்லை. புலியும் உண்டு. நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. நாடு முழுவதும் காட்டில் எஞ்சியிருப்பவையோ 150க்கும் குறைவு என்று 2022இல் அறிவித்தார்கள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும், அப்போது வேண்டாம். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். படகும் தொங்கு பாலமும் சில வேளை இயங்காது; முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். நீண்ட காலுறை, கைவிளக்கு, குடிநீர் அவசியம். அட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாத்தேக் பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்களைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அது அவர்கள் வீடு.

பள்ளி திறந்ததும் அப்பாவை வகுப்புக்கு அழைத்து வந்தேன். அரை மணி நேரம் பேசினார். எண் போட்டு வரைந்த அதே பையன் எழுந்து, "தாத்தா, அவ்வளவு பெரிய காட்டை ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. அப்பா கோபப்படவில்லை.

"சோத்துக்குத்தான்யா. அந்தச் சோத்துலதான் உங்க டீச்சரு படிச்சாங்க. நீ நல்லாப் படி. மிச்சம் இருக்கறத வெட்டாம சோறு சம்பாதிக்க வழி பாரு."

வாசகர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு முறை போய் வாருங்கள். வீட்டில் காடு வெட்டிய பெரியவர் இருந்தால், முடியும்போதே அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டிக்குத் தெரியாத கதைகள் அவரிடம் இருக்கும்.