வலிப்பும் விசரும்

பூநகரிப் பக்கத்தில் நாயொன்று முற்றத்தில் விழுந்து, கால்களை உதறி, வாயில் நுரை தள்ளினால், அயலில் எழும் முதற் குரல் "விசர் பிடிச்சிட்டுது" என்பதாகவே இருக்கும். இரண்டாவது குரல் பொல்லைக் கேட்கும். மிருக வைத்தியரை நினைக்கும் மூன்றாவது குரல் எழுவதற்குள் பல வேளைகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தார்கள். தடுப்பூசியினால் அந்தத் தொகை பின்னர் பெருமளவு குறைந்தது. ஆனால் நோய் நாட்டைவிட்டுப் போகவில்லை. குறிகள் தோன்றிய பின் அதிலிருந்து மீள்வது ஏறக்குறைய நடவாத காரியம். ஆகவே பயப்படுவது நியாயமே. ஆயினும் நுரை தள்ளும் நாயெல்லாம் விசர் நாயல்ல.

ஒரு மாசி மாதம், மொட்டைக்கறுப்பன் நெல் வெட்டி முடிந்திருந்த காலம். தெரிந்தவர் வீடொன்றில் இருந்தபோது அவர்களது நாய்க்கு வலிப்பு வந்தது. நான்கு வயது நாய்; ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டது. படலையடியில் அயலவர் ஒருவர் பொல்லோடு வந்து நின்றார். பேரன், "அம்மம்மா, கிட்டப் போகாதேங்கோ" என்று கத்தினான். மனிதருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கும் நம் வழக்கப்படி, அம்மம்மா திறப்புக் கோர்வையைத் தூக்கி நாயின் காலடியில் எறிந்தார். பின்னர் படலையைப் பார்த்து, "அது எழும்பட்டும் தம்பி, பிறகு பாப்பம்" என்றார். இரண்டு நிமிடத்தில் உதறல் நின்றது. நாய் தள்ளாடி எழுந்து, கண் தெரியாததுபோல் சுவரில் முட்டியது. சட்டி நீரைக் குடித்தது. அரை மணித்தியாலத்தில் வாலை ஆட்டியது.

இரும்பு எதையும் செய்யவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே ஓய்ந்துவிடும். பெயர் திறப்புக் கோர்வைக்குப் போகிறது. ஆனால் "எழும்பட்டும், பிறகு பாப்பம்" என்ற அந்தச் சொல்லில் வைத்திய அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. வலிப்பு வந்த நாய் தன் இயல்புக்குத் திரும்பும். விசர் பிடித்த நாய்க்கும் வலிப்பு வருவதுண்டு. ஆனால் அது திரும்புவதில்லை. குரல் மாறும், தாடை தொங்கும், காரணமின்றிக் கடிக்கும், கால்கள் செயலிழக்கும்; பெரும்பாலும் பத்து நாளைக்குள் இறந்துபோகும்.

அந்த ஓரிரு நிமிடத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு, செய்யக்கூடாததே அதிகம். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடவேண்டாம். நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னை அறியாமல் கடித்துவிடும். தண்ணீர் பருக்கவேண்டாம். கல், படி, கிணற்றடி என்பவற்றில் அடிபடாமல் பார்த்து, மற்ற நாய்களையும் பிள்ளைகளையும் அப்பால் அனுப்பி, வானொலியை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மீண்டும் வந்தாலோ அது அவசர நிலை. கைத்தொலைபேசியில் ஒரு சிறு காணொளி எடுத்துவைத்தால் வைத்தியருக்கு அது பத்து விளக்கங்களுக்குச் சமம்.

காரணங்கள் பல. வயலுக்கு அடித்த பூச்சிநாசினி, டிஸ்டெம்பர் நோய், குட்டி ஈன்று பாலூட்டும் நாய்க்கு ஏற்படும் கல்சியக் குறைவு என்பன அவற்றுட் சில. எதுவும் அகப்படாமல், இளம் வயதில் தொடங்கி அடிக்கடி வருவதே கால்கை வலிப்பு. 1912இல் மனிதருக்குப் பயன்படத் தொடங்கிய பினோபார்பிட்டோன் என்ற மாத்திரையே நாய்களுக்கும் கொடுக்கப்படுகிறது. அளவை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரும்.

தடுப்பூசி போடாத நாய், ஊர் பேர் தெரியாத நாய் என்றால் கதை வேறு. தொடவேண்டாம், எச்சில் படவேண்டாம், வளவுக்குள் அடைத்து வைத்துக் கவனியுங்கள். கடித்திருந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடவேண்டும்.

செய்தித்தாள் வேலையில் இருப்பவன் என்ற வகையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். "விசர்நாய் அடித்துக் கொலை" என்று வரும் செய்திகளில், விசர் என்று உறுதிசெய்தவர் யார் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. உறுதி சொல்லவேண்டியது கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஆய்வுகூடம். அதற்கு வேண்டியது நாயின் மூளை. பொல்லால் தலையைச் சிதைத்துவிட்டால் அந்தச் சான்றும் கெட்டுப்போகிறது. உயிரோடு அடைத்துவைத்திருந்தால் பத்து நாளில் நாயே விடை சொல்லியிருக்கும். அவசரப்பட்டு அடிக்கும் அடி, நோயற்ற நாயைக் கொல்வதோடு நிற்பதில்லை. கடிபட்ட மனிதன் அறிந்திருக்கவேண்டிய உண்மையையும் அது சேர்த்துக் கொன்றுவிடுகிறது.