மீன் வண்டித் துரு

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன் வண்டிகள் புதுக்கோட்டையில் பட்டறை ஏறுவது அப்போதுதான். எட்டு வருடம் தாண்டிய பிக்கப்புக்கு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், ஓட்டமில்லாத நாளில் டிங்கரிங், பெயிண்டிங் முடித்து அதையும் காட்டிவிடலாம் என்பது ஓனர் கணக்கு.

ஆலங்குடிப் பக்கம் பலாப்பழம் ஏற்றும் வண்டிக்கும் மீன் வண்டிக்கும் துருவிலேயே வித்தியாசம் உண்டு. பலா வண்டியில் அடிபட்ட இடத்தில், பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து வெளியிலிருந்து உள்ளே போகும். மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தகட்டின் மடிப்புக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; துருவின் வேகமே அதில்தான். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போவதில்லை. ராத்திரி ஈரக்காற்றை இழுத்து மறுபடி அரிக்கத் தொடங்கிவிடும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் மேலே பெயிண்ட் கொப்பளிக்கிறது. ஓனர் அதைக் கொப்புளம் என்கிறார். அநேகமாக அது உள்ளே ஏற்கெனவே விழுந்துவிட்ட ஓட்டை.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பார்ப்பேன். தகடு இருந்தால் டங்கென்று சத்தம் வரும். இல்லையென்றால் பொதுக்கென்று உள்ளே போகும். “ஏண்ணே, நீங்களே ஓட்டை போடுறீங்களே?” என்று கேட்காத ஓனர் குறைவு. கிரைண்டர் ஓட்டி வெள்ளைத் தகடு தெரிந்த இடத்திலிருந்து இன்னும் விரற்கடை தள்ளி வெட்டினால்தான் வெல்டிங் நிற்கும். அரித்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் பெரிதாகும். இந்த விரற்கடைக்குத்தான் பேரம் எல்லாம். “எஃப்.சி. வரைக்கும் நின்னாப் போதும்ணே.”

நிற்கும். ஓட்டையில் கம்பி வலையைத் திணித்து மேலே பட்டி இழுத்தால் எஃப்.சி. வரை அழகாகவே நிற்கும். ஐப்பசி மழையில் விழுந்துவிடும். பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் பவுடரும், ஈரத்தைக் குடிக்கும். பழைய என்.சி. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்த பழக்கத்தில் இதையும் நனைத்துத் தேய்க்கிறவர்கள் உண்டு. குடித்த தண்ணீர் அடியில் தகட்டைத் தொடும், துரு நம் கையாலேயே ஆரம்பமாகும். பட்டியைக் காய்ந்த உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். தண்ணீரெல்லாம் பிரைமருக்குப் பிறகு.

எல்லாத் தகட்டுக்கும் பட்டி வேண்டியதும் இல்லை. லோடு பாடிக்கு வெல்டிங்கும் ரெட் ஆக்சைடும் போதும். எப்படியும் மீன் பெட்டி உரசப்போகிறது. கதவுக் கீல் பிடிக்கும் கேபின் தூணிலோ சேஸிஸிலோ பட்டிக்கு வேலையே இல்லை. அங்கே பட்டியைப் பூசித் துருவை மறைப்பது ஆளைக் கொல்லும் வேலை. மிச்சம் கேபினின் வெளித்தகடு. அதிலும் தகட்டைத் தட்டி நேராக்கியபின் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறக்கூடாது.

தடைக்காலத்தோடு கத்திரி வெயிலும் வருகிறது. பட்டியை இறுக்கக் கலக்கும் ஹார்டனர் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது பொதுக் கணக்கு. மே மாத மத்தியானத்தில் அதே அளவு போட்டால் பலகையிலேயே இறுகிவிடும். நாங்கள் காலையிலேயே பட்டி இழுத்துவிடுவோம்.

தேய்ப்பதற்கு நீளக் கட்டைதான் சரி. உப்புத்தாளை வெறும் விரலால் பிடித்தால் விரல் போன வழியெல்லாம் குழி. 80 நம்பரில் தொடங்கி 120, 180, 320 என்று போகும்போது நடுவில் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவித் தேய்ப்போம். கறுப்பு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். அதற்குப் பிறகும் கைதான் தீர்ப்புச் சொல்லும். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, அழுத்தாமல், பனியன் துணி ஒன்றை நடுவில் போட்டு நீளவாக்கில் இழுக்க வேண்டும். 2013-இல் ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். கழகத்தில் சோதித்தபோது 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கத்தைக்கூட நகரும் விரல் கண்டுபிடித்தது. நகர வேண்டும், அதுதான் முக்கியம். கையை ஓரிடத்திலேயே வைத்துப் பார்க்கும் பையன்களுக்கு வருடக்கணக்கில் பள்ளம் பிடிபடாது.

பெயிண்ட் காய்ந்ததும், அடைத்துக் கிடக்கும் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுவேன். ஒவ்வொரு லோடும் இறக்கிய பிறகு நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லி அனுப்புவேன். டிரைவர்கள் மேல்பக்கம்தான் கழுவுகிறார்கள். நாற்றம் அங்கேதானே வருகிறது.