எண் சரியாத்தான் காட்டுது, ஆனா ஜெர்க் ஆகுது

கோரிமேடு, தன்வந்திரி நகர் பக்கம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்கு, ஆன் ஆகாத மெஷின் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஏதோ ஒன்று செத்திருக்கும், கண்டுபிடித்து மாற்றிவிடலாம். "எல்லாம் நல்லாத்தான் ஓடுதுண்ணா, கேம்ல நடுநடுவுல மட்டும் ஜெர்க் ஆகுது" என்று ஒரு தம்பி சொன்னால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். கிராபிக்ஸ் கார்டு மட்டுமே அரை லட்சத்துக்கு வாங்கியிருப்பான். திரை மூலையில் 60 ஃபிரேம் என்று எண் ஆடாமல் நிற்கும்.

அந்த எண் சராசரி. ஒரு நொடியில் 60 ஃபிரேம் வருகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி செகண்ட். ஆனால் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லி செகண்டில் வந்து, மிச்சம் ஒன்று மட்டும் 174 எடுத்துக்கொண்டாலும் கணக்கு அதே 60தான். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்று. ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் தொழில் செய்கிறவன் நான்; நிமிடத்துக்கு 72 துடிப்பு என்பதை மட்டும் வைத்து இதயம் சரியாக இருக்கிறது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார், ஈசிஜி எடுக்கச் சொல்வார். கேமுக்கு அந்த மாதிரி வரைபடம் வேண்டும் என்று 2011இல் 'டெக் ரிப்போர்ட்' தளத்தில் எழுதியவர் ஸ்காட் வாசன். பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று எண்ண வேண்டாம், அமெரிக்கர். இன்று கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருளே ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் கோடாக வரைந்து காட்டிவிடுகிறது.

கோட்டில் முள் எங்கே குத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்க்காமல் கேபினட்டைத் திறப்பது எனக்குப் பிடிக்காது. எவ்வளவு ஜெர்க் ஆகிறது என்பதைவிட எப்போது ஆகிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்துத் திணறினால் முதலில் சூட்டைச் சந்தேகிப்பேன். இங்கே செம்மண் தூசு. முன்பக்க ஃபில்டர் காவி போர்த்திக்கொண்டு நிற்கும், ப்ளோயர் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேம் மட்டுமல்லாமல் மவுஸ், பாட்டு எல்லாம் சேர்ந்து ஒரு கணம் உறைந்து பிறகு ஓடினால் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு ஊரறிந்த உதாரணம் உண்டு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கத் தொடங்கியதும் பலர் பயாஸில் அதை ஆன் செய்தார்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசசர் போட்ட சில மெஷின்கள் அவ்வப்போது நின்று நின்று ஓடின. டிபிஎம் வேலைக்காக போர்டிலுள்ள பயாஸ் சிப்போடு பேசப் போன நேரத்தில் மொத்த மெஷினும் காத்துக் கிடந்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டது. தீர்வு புது பயாஸில் வந்தது. அதற்கு முன் எத்தனை பேர் நல்ல கார்டைக் கழற்றி விற்றார்களோ!

எனக்கு மிகவும் பிடித்த கேஸ் ரேம். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமையும் பிராசசருக்கு அடுத்த முதல் இரண்டு ஸ்லாட்டில் பக்கத்தில் பக்கத்தில் சொருகியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், விண்டோஸும் 16 ஜிபி என்று முழுசாகக் காட்டும். ஆனால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்துச் சேனல் சும்மா கிடக்கிறது. கிளிப்பை விலக்கி, 2ஆவதிலும் 4ஆவதிலும் மாற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திவிட்டு, பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் 3200 வேக ரேம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப வரைந்து பார்த்தால் சராசரி சற்றுத்தான் ஏறியிருக்கும், முட்கள் அடங்கியிருக்கும். தம்பிகள் இதற்குக் காசு கொடுக்கத் தயங்குவார்கள். புதுசாக எதுவும் மாட்டவில்லையே!

மெஷினில் குறையே இல்லாத ஜெர்க்கும் உண்டு. புது இடத்துக்குள் நுழையும்போதோ ஒரு வெடிப்பை முதன்முறை பார்க்கும்போதோ மட்டும் திக்கி, இரண்டாம் முறை அதே இடத்தில் வழுக்கிக்கொண்டு போனால், அது ஷேடர் கம்பைல் ஆகிற நேரம். காட்சிக்கு நிறமும் ஒளியும் போடும் சின்னச் சின்ன நிரல்களை அந்தந்தக் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்ற மாதிரி மெஷின் அப்போதுதான் சமைக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 'கலிஸ்டோ புரோட்டோகால்' கேம் வெளியான அன்றே இதற்காகத் திட்டு வாங்கியது; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் தப்பவில்லை. சரி செய்ய வேண்டியது கேம் எழுதியவர்கள். நான் சொல்வதெல்லாம், சமைத்ததைச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷை க்ளீனர் போட்டுத் துடைக்காதே என்பதுதான். டிரைவரை அப்டேட் செய்தாலும் பெரும்பாலும் கேஷ் முதலிலிருந்து சேரும். அதனால் அப்டேட் போட்ட அன்று ராத்திரி கொஞ்ச நேரம் ஜெர்க் ஆனால் எனக்குப் போன் போட வேண்டாம். மறுநாளும் அதே இடத்தில் ஆனால் கூப்பிடு.